தரையில் பொங்கும் மா

ரூ பெர்தொனே தெருவில் கோசலை குடிவந்திருக்கும் புதுவீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஈரக் காலுறையோடு உள்ளே காலை வைக்கிறாள் இம்மாகுலேற். இப்போதுதான் யாரோ எழுந்துபோன படுக்கைபோலத் தரை இளஞ்சூடாக இருக்கிறது. ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் மத்தியானம் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, பனி கொட்டுகிறது. "நிலத்துக்குக் கீழை கரண்ட் கம்பி ஓடுது அக்கா. சத்தமுமில்லை, புகையுமில்லை," என்கிறாள் கோசலை. அவள் குழந்தை பாய்கூட இல்லாமல் வெறுந்தரையில் மல்லாந்து தூங்குகிறது. அதன் தலைமாட்டுக்குச் சற்றுத் தள்ளி, சுவரோரம், தோசைமாச் சட்டி. மா நுரைத்துப் பொங்கி மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இம்மாகுலேற்றின் மா முந்தநாளிலிருந்து புருசனின் கம்பளிக் கோட்டுக்குள் பொத்திவைத்தும் பொங்காமல் அரைத்தபடியே கிடக்கிறது. அவள் பார்வை போகும் இடத்தைக் கோசலை கவனித்துவிடுகிறாள். "உங்கடை மாவையும் இஞ்சை கொண்டுவந்து வையுங்கோவன் அக்கா." "ஏன்? எங்கடை வீட்டிலை மா நல்லாத்தான் புளிக்குது," என்கிறாள் இம்மாகுலேற். "உன்ரை மாதான் கனக்கப் புளிச்சுப்போச்சு. வாசல்வரைக்கும் மணக்குது. இந்தச் சூடு உடம்புக்கும் கூடாது, பிள்ளைக்கும் கூடாது." காலுறைக்குள் அவள் விரல்கள் தரையை அழுத்திப் பிடித்திருக்கின்றன. "அப்ப நான் போயிட்டு வாறன்," என்று சொல்லிவிட்டு, கோசலை இழுத்துப் போட்ட கதிரை பக்கத்திலேயே இருக்க, தரையில் சப்பாணி கட்டி உட்காருகிறாள்.