பேரை அடிச்சிடுங்க

"என் பொண்ணு பேரை அடிச்சிடுங்க மேடம். திங்கட்கிழமை அவ கடல்ல இறங்க மாட்டா."

ஸ்டோர் கீப்பர் இப்படிச் சொன்னதும் இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முத்துக்குளிப்பு மாதிரி மூழ்கி வேலை செய்யக் கற்றுத்தரும் மையம் அது. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றின் நிதியில் நடக்கிறது. ஆறு பையன்கள், ஆறு பெண்கள். மூன்று மாதம் வகுப்பும் நீச்சலும் முடிந்துவிட்டது. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு திங்கட்கிழமைதான் முதல்முறையாகக் கடலுக்குள் இறங்கப் போகிறார்கள். தேறிவிட்டால் துறைமுகத்தில் வேலை.

ஸ்டோர் கீப்பரின் மகள்தான் அந்தப் பன்னிரண்டு பேரில் முதலிடம்.

"என்ன காரணம்?" என்றார் இயக்குநர்.

"பயமா இருக்கு மேடம்."

இயக்குநர் ஒரு நொடி அவரையே பார்த்தார். பிறகு குரலை உயர்த்தினார். வராந்தா வரைக்கும் கேட்டது.

"பொண்ணுன்னா அடுப்பூதத்தான் லாயக்குன்னு நினைச்சீங்களா? தாயில்லாப் பிள்ளை, தானா முட்டி மோதி மேல வருது. பெத்த அப்பா நீங்களே காலைப் பிடிச்சு இழுக்கலாமா? ஆறு பொண்ணுங்க இருந்தாத்தான் அடுத்த வருஷ நிதி வரும். அறக்கட்டளைக்காரங்க திங்கட்கிழமை நேர்ல வர்றாங்க. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

ஸ்டோர் கீப்பர், மகளின் பேரை நீக்கச் சொல்லி எழுதிவந்த கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் நின்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு அப்பா!" என்று யாரோ சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

வீட்டுக்கு வந்த மகள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டு வைத்தாள். தட்டை நகர்த்தும் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

சாயங்காலம் அவருடைய தங்கை மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அண்ணே, உன் வாயில சர்க்கரையைப் போடணும்! உன் பொண்ணு இடத்துக்கு என் பொண்ணைச் சேர்த்துக்கிட்டாங்க. மேடமே போன் பண்ணிக் கூப்பிட்டாங்க."

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அவ வகுப்புக்கே வந்ததில்லையே?"

"மூணு மாச வருகைப் பதிவுக்கும் ஒரே மூச்சில கையெழுத்து வாங்கிட்டாங்க. அவளுக்குத்தான் நீச்சல் தெரியுமே! சும்மா அஞ்சு நிமிஷம் இறங்கி ஏறினாப் போதுமாம். போட்டோவுக்கு."

"வேண்டாம். அனுப்பாதே."

"ஏன்?"

"சொன்னாக் கேளு. அனுப்பாதே."

தங்கையின் முகம் சுருங்கிப்போனது.

"உன் பொண்ணு போகலைன்னா என் பொண்ணும் போகக் கூடாதா? கூடப் பிறந்தவன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன் பாரு, என்னைச் சொல்லணும். தானும் படுக்கான், தள்ளியும் படுக்கான்!"

விருட்டென்று போய்விட்டாள்.

மகளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அத்தை கேட்டதுல என்ன தப்பு? எனக்கு வயசு பத்தொன்பது ஆச்சு. உங்க கையெழுத்தே எனக்குத் தேவையில்லை. நாளைக்கே மேடத்தைப் பார்த்து என் பேரை நானே திரும்ப எழுதிக்கப் போறேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த சிலிண்டர் எதுவும் புதுசு இல்லைம்மா."

"என்னப்பா சொல்றீங்க?"

"பன்னிரண்டும் உடைச்ச கப்பல்லேருந்து வந்த பழசு. கழுத்துல சோதனைத் தேதி வெட்டியிருந்துச்சு. தேதி எப்பவோ முடிஞ்சுபோச்சு. அந்தத் தேதியை ராவி எடுத்துட்டு, மேல மஞ்சள் பெயின்ட் அடிச்சவன் நான்தான். புதுசுன்னு ரிப்போர்ட்ல எழுதிக்கிட்டாங்க."

"அப்போ உள்ளே எப்படிப்பா இருக்கு?" என்றாள் மகள்.

"உள்ளே எல்லாம் துரு. ஆழத்துல எப்ப காத்து அடைக்கும்னு யாருக்கும் தெரியாது. நான் முதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். 'இந்தக் காலை வெச்சுக்கிட்டு வேற எங்க வேலைக்குப் போவீங்க'ன்னு மேடம் கேட்டாங்க."

"இதை ஏம்ப்பா அங்கேயே சொல்லலை? ஊரே உங்களைக் காறித் துப்புதே!"

"துப்பினாத் துப்பட்டும். நீ உயிரோட இருக்கணும். எனக்கு அது போதும்."

மகளுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அவரை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செருப்பை மாட்டினாள்.

"எங்கேம்மா?"

"முதல்ல அத்தை வீட்டுக்கு."

"போயிட்டு வா. வேற ஏதாவது சாக்கு சொல்லி நிறுத்திடு."

"சாக்கு எதுக்குப்பா? இதையே சொல்றேன். அப்புறம் மத்த பதினோரு பேர் வீட்டுக்கும் போகணும். நாளைக்கு ஒரு நாள்தானே இருக்கு?"

அவர் பதறி எழுந்தார். காலை இழுத்துக்கொண்டு அவளை முந்திப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.

"என் வேலை போயிடும்மா. நமக்கெதுக்கு அந்த வம்பு? அவங்கவங்க பிள்ளையை அவங்கவங்கதான் பார்த்துக்கணும்."