தொடக் கூடாத சுவிட்ச்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் நெருங்கி உட்காருங்க. ஒரு மேதாவி வீட்டு விளக்கின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

"அத்தை! இங்க வந்து பாருங்க. இது யார் கை?"

கூடத்துச் சுவிட்ச் பலகைக்கு மேலே, "தொடாதே" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டிய காகிதம். அதன் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு நாலு விரல் தடம்.

மாமியார் மெல்ல வந்து பார்த்தாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்த கை. சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் அவளால் நடக்க முடியும்.

"சுவத்தப் பிடிச்சேன் மாப்பிள்ளை. சுவிட்ச நான் தொடல."

"அப்போ பேய் வந்து அணைச்சிட்டுப் போகுதாக்கும்!"

மேதாவி என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். ஆளில்லாத அறையில் ஒரு விளக்கு எரிந்தால் போதும், அவருக்கு நெஞ்சை அடைத்துவிடும். அதற்காகவே சொன்னால் எரிந்து சொன்னால் அணையும் பல்பு வேண்டுமென்று, இரண்டு மாதம் செல்போனைத் தேய்த்து, கடைக்காரரைக் கேள்வி கேட்டே இளைக்க வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடியே சொன்னார்: "சார், இந்த பல்புக்கு சுவிட்ச் எப்பவும் போட்டபடியே இருக்கணும். அத அணைச்சிட்டா, அப்புறம் நீங்க தொண்டை கிழியக் கத்தினாலும் எரியாது. பேசாம சுவிட்ச எடுத்துட்டு மூடி போட்டுடவா? பழகின கை சும்மா இருக்காது."

"படிச்சவங்க இருக்கற வீடுய்யா இது. நீ ஸ்க்ரூவ முடுக்கு, போதும்."

முடுக்கிவிட்டுப் போய்விட்டார் அவர். மறுநாளே ஆரம்பித்தது வினை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தம்பதியைப் பெருமையாகக் கூட்டி வந்து, கூடத்தின் நடுவில் ராஜா மாதிரி நின்றார் மேதாவி. "விளக்கே, எரி!" என்றார். இருட்டு. இன்னும் உரக்கச் சொன்னார். அதே இருட்டு.

"எங்களுக்கு நல்லாக் கேட்டுது சார்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "பல்புக்குத்தான் கேக்கல போல."

தடவிப் போய்ப் பார்த்தால் சுவிட்ச் அணைந்திருந்தது. அன்றைக்கு மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்க அதே கதை. ஆசிரியையான மனைவி காலை ஏழரைக்கே பள்ளிக்கூடம் போய்விடுவாள். அவருக்கு அலுவலகம். பகலெல்லாம் வீட்டில் இருப்பது மாமியார் ஒருத்திதான். பிறகென்ன, விசாரணை எதற்கு?

"ஞாயித்துக்கிழமை உங்கம்மாவ உங்கண்ணன் வீட்டுல கொண்டு விட்டுடலாம்," என்றார் மனைவியிடம்.

"அண்ணன் வீடு நாலாவது மாடிங்க. லிஃப்டும் இல்ல. அம்மா ஒருதரம் ஏறினா, அப்புறம் வெளிய தலை காட்டவே முடியாது."

"அங்க உக்காந்து ஆசை தீர சுவிட்ச் தட்டட்டும்."

"அம்மா தொடலைன்னு சொன்னா தொடலைங்க."

"சாட்சி வேணுமா? இந்தா பாரு!" செல்போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். "பல்பு அணையற நேரமெல்லாம் இதுல பதிவாகுது. எந்த நாளானாலும் சரியா எட்டே முக்காலுக்கு அணையுது. நான் வேலைக்குக் கிளம்பற நேரம்! நான் எப்படா போவேன்னு காத்திருந்து அணைக்கறாங்க உங்கம்மா. உங்க குடும்பத்துக்கே புதுசா ஒண்ணு வந்தா ஆகாதே."

உள்ளறையில் மாமியாருக்கு எல்லாம் கேட்டது. பரணிலிருந்து பையை எடுத்துத் தரச் சொல்லி மகளைக் கூப்பிட்டாள். இரண்டு புடவை, தைலப் புட்டி, மூக்குக் கண்ணாடி. அவ்வளவுதான் அவள் மூட்டை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் கார் வந்து நின்றது. மகள் ஒரு கையில் பையும் ஒரு கையில் தாயுமாக வாசற்படி இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் கிழவி நின்று மூச்சு வாங்கினாள்.

மேதாவி மேலே கதவருகில் நின்று செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார். "இனிமே இந்த விளக்கு அணைஞ்சா அந்த நொடியே எனக்கு மணி அடிக்கும்," என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தார். "இன்னிக்கு வீட்டுல யாரும் இல்ல. சாயங்காலம் வந்து நான் சொன்னதும் பளிச்சுனு எரியும் பாரு. அப்பத் தெரியும் யாரு கைவரிசைன்னு!"

செருப்பை மாட்டினார். வலது கை சாவியைத் துழாவியது. இடது கை, இருபது வருடமாகச் செய்வதைப் போல, தானாகச் சுவரை நோக்கிப் போனது. மின்விசிறி, விளக்கு என்று வரிசையாக நாலு சுவிட்சையும் ஒரே இழுப்பில் அணைத்துவிட்டுத் திரும்பி வந்தது.

செல்போன் மணி அடித்தது.

அவ்வளவுதான், மேதாவிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கதவை அகலத் திறந்து, காலி வீட்டைப் பார்த்துத் தெருவே அதிரும்படி கத்தினார்: "அத்தை! மறுபடியும் கை வச்சிட்டீங்களா?"

கீழேயிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"மாப்பிள்ளை, நான் இங்க கார்கிட்ட நிக்கறேன்."

உங்கள் வீட்டு விளக்கு யார் கை பட்டாலும் எரியட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பெரியவளின் பை என்றைக்கும் பரணிலேயே கிடக்கட்டும்.