முதல் புகார்

“சிஸ்டர், எனக்கு வேற நாற்காலி குடுங்க. அந்தக் கண்டக்டரம்மா பக்கத்துல இனிமே என்னால உட்கார முடியாது.”

மாட்ட வந்த மருந்துப் பையைக் கையில் பிடித்தபடி நர்ஸ் அப்படியே நின்றுவிட்டார்.

“நீங்களா சார் குறை சொல்றீங்க?”

எனக்கே ஆச்சரியம்தான். இந்தக் கீமோ வார்டில் தங்கமான பேஷன்ட் என்று பேர் வாங்கியவன் நான். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் மாறி மாறிக் குத்தினாலும், “பரவால்ல சிஸ்டர், நீங்க வருத்தப்படாதீங்க” என்று குத்துகிறவருக்கு ஆறுதல் சொல்கிற ரகம்.

எல்லாம் பார்க்கிற வேலை அப்படி. ஃபிரிட்ஜ் கம்பெனியில் புகார் கேட்கிற உத்தியோகம். ‘ஐஸ் கட்டல’, ‘கதவு மூடல’, ‘உள்ள லைட் எரியல’ என்று போனில் வண்டி வண்டியாய்த் திட்டு வாங்கி, புகார் சொல்கிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. புற்றுநோயே வந்தாலும் அந்தக் கூட்டத்தில் சேருவதில்லை என்று ஒரு வைராக்கியம்.

கண்டக்டரம்மா அந்தக் கூட்டத்துக்கே தலைவி. படிக்கட்டில் தொங்குகிறவன் வரைக்கும் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வளர்த்த குரல். ரிட்டையர் ஆகும்போது சீருடையைத் திருப்பிக் கொடுத்தவர், குரலைக் கொடுக்கவில்லை.

போன தடவை டாக்டரை மறித்து, “வாயெல்லாம் புண்ணானா என்ன டாக்டர் பண்றது? தண்ணி பட்டாலே எரியுமே?” என்று ஒரே சத்தம்.

டாக்டர் கொப்பளிக்க ஒரு மருந்து சொன்னார்.

எனக்கும் வாயெல்லாம் புண்தான். ‘சே, என்ன மாதிரி பொம்பளை!’ என்று பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டேன். காதை மூடவில்லை. வீட்டுக்குப் போகிற வழியிலேயே அந்த மருந்தை வாங்கிவிட்டேன். புண்ணும் ஆறியது, கௌரவமும் மிஞ்சியது.

இன்றைக்கு வந்ததுதான் வினை.

காலையில் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. கொஞ்ச நாளாகவே விரல் நுனியெல்லாம் மரத்துக் கிடக்கிறது. பொத்தானைப் பிடித்திருக்கிறேனா, விட்டுவிட்டேனா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். மனைவிதான் போட்டுவிட்டாள்.

“இன்னிக்காவது டாக்டர்கிட்ட வாயைத் திறப்பீங்களா?”

“அவர் என் உயிரைக் காப்பாத்தப் பாடுபடறார். அவர்கிட்ட போய்ப் பொத்தான் கதையா?”

“புகாரை எல்லாம் டைப் அடிக்கிறது இந்த விரல்தானே? அது போச்சுன்னா எதை வெச்சு அடிப்பீங்க, மூக்கை வெச்சா?”

“நீ சும்மா இரு.”

வார்டுக்குள் அவளை விடமாட்டார்கள். அது ஒரு வசதி.

டாக்டர் வந்தார். “எப்படி இருக்கீங்க?”

“ஜோரா இருக்கேன் டாக்டர்.”

சந்தோஷமாக நகரப் போனவரைப் பக்கத்து நாற்காலிக் குரல் பிடித்து நிறுத்தியது.

“விரல் நுனி மரத்துப் போனா உங்ககிட்ட சொல்லணுமா, சொல்லாம மறைச்சுக்கணுமா டாக்டர்?”

டாக்டர் அந்த அம்மாவின் ஃபைலைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். அப்புறம் ஏனோ அவரும் குரலை உயர்த்தினார்.

“கண்டிப்பா சொல்லணும். மருந்தோட அளவைக் குறைப்போம், இல்லன்னா கொஞ்சம் தள்ளிப் போடுவோம். சொல்லாம மறைச்சா சிலருக்கு அந்த மரப்பு அப்படியே தங்கிடும். அப்புறம் நாங்க தலைகீழா நின்னாலும் சரி பண்ண முடியாது.”

நான் பேப்பருக்குப் பின்னால் போனேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு அந்த மாதிரி ஏதாவது?”

“சேச்சே! எனக்கென்ன டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்.”

நாக்கு முந்திக்கொண்டது. டாக்டர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

“சில பேருக்கு ஆண்டவன் வாயைத் திங்கறதுக்கு மட்டும்தான் குடுத்திருக்கான்” என்றார் கண்டக்டரம்மா, கூரையைப் பார்த்து.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது, அந்தச் சில பேர் நான் ஒருத்தன்தான் என்று.

அப்புறம்தான் அந்த அம்மா பாத்ரூம் போன நேரம் பார்த்து, நர்ஸிடம் நாற்காலி மாற்றிக் கேட்டேன்.

“ரொம்பப் பேசறாங்களா சார்?” என்றார் நர்ஸ்.

“பேச்சா அது? உலகத்துல இல்லாத நோவெல்லாம் அவங்களுக்குத்தான். ஒரு நாள் வாய்ப்புண்ணு, ஒரு நாள் விரல் மரத்துப் போச்சு...”

“அவங்களுக்கு வாய்ப்புண்ணே வந்ததில்ல சார். அவங்களுக்கு ஏத்தற மருந்துல விரலும் மரக்காது.”

“அப்புறம் எதுக்கு...?”

“போன தடவை ஒவ்வொரு வாய்த் தண்ணிக்கும் கண்ணை மூடிக்கிட்டீங்க, இன்னிக்கு டம்ளரை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல இடுக்கிக்கிட்டுக் குடிக்கிறீங்க, பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாதா?”

நான் கையை மடியில் ஒளித்துக்கொண்டேன்.

நர்ஸ் மருந்துப் பையை மாட்டவில்லை.

“நாற்காலி மாத்த வேண்டிய வேலையே இல்ல சார். அவங்களுக்கு இன்னிக்கோட கீமோ முடியுது, அடுத்த தடவை உங்களுக்காகக் கேக்க அவங்க வரமாட்டாங்க. டாக்டர் இன்னும் வாசலைத் தாண்டல... நான் கூப்பிடட்டுமா, நீங்களே கூப்பிடறீங்களா?”