பால்கனிக் கயிறு

"கயிறு எங்கேடி?"

காலங்கார்த்தாலே அனிசெட்டோ போட்ட சத்தத்தில் ஹவானாவின் அந்தப் பழைய கட்டடமே விழித்துக்கொண்டது. மூன்றாம் மாடி பால்கனியில் கூடை இருந்தது. அதைத் தெருவுக்கு இறக்கும் கயிற்றைத்தான் காணோம். கீழே ரொட்டிக்காரன் சைக்கிளில் நின்று விசிலடித்துக்கொண்டிருந்தான்.

"தேடு, கிடைக்கும்" என்றாள் மனைவி ஓடிலியா, துணியைப் பிழிந்தபடி.

"அப்போ நீ போய் ரொட்டி வாங்கிட்டு வா."

"எனக்குத் தலைக்கு மேல வேலை. வேணும்னா நீயே இறங்கிப் போ."

இறங்குவதாவது! துறைமுகத்தில் மூட்டை சரிந்து விழுந்து, இடுப்பில் இரும்புத் தகடு வைத்த மனுஷன். அறுபத்தெட்டு வயது. நாலு வருஷமாக எல்லாமே கூடையில்தான் ஏறி வரும். ஓடிலியாவுக்குத் தெரியாமல் கொய்யா ஜாம் வைத்த பப்ஸ் உள்பட. உடம்பு நூற்றுப் பத்து கிலோ.

"இருபது கிலோ குறைச்சு நடக்க ஆரம்பிக்கலைன்னா, அப்புறம் சக்கர நாற்காலிதான்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அனிசெட்டோவின் ஏக்கமோ வேறு. மொட்டை மாடியில் அவர் வளர்த்த புறாக்கள். இப்போது தீனி போடுவது ஓடிலியாதான். தலைக்கு மேலே சிறகடிக்கும் சத்தம் மட்டும் அவருக்கு. "சாகறதுக்குள்ள ஒரு தடவை அதுங்களைப் பார்த்துட்டாப் போதும்" என்று கண் கலங்குவார்.

பசி பொறுக்கவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, திட்டியபடியே இறங்கினார். ஐம்பத்து நாலு படி.

இரண்டாம் மாடி மிக்டாலியா பதறிப்போய் நாற்காலி போட்டாள். "அடப்பாவமே! இடுப்பு ஒடிஞ்ச மனுஷனை விரட்டுறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா? பெரியவரே, நாளையிலேர்ந்து உங்க ரொட்டியை நான் வாங்கித் தரேன்."

மேலேயிருந்து ஓடிலியாவின் குரல் வந்தது. "ஒண்ணும் வேண்டாம். அவருக்குக் கால் இருக்கு."

"ராட்சசி!" என்றாள் மிக்டாலியா. கட்டடமே ஆமோதித்தது.

புதுக் கயிறு வாங்கலாமென்றால், ஹவானாவில் கயிறு கிடைத்தால்தானே! அனிசெட்டோ தினமும் இறங்கினார், ஏறினார். கோபத்தில்தான் ஏறினார். முதல் வாரம் மாடிக்கு மாடி உட்கார்ந்தார். மூன்றாம் மாதம் மிக்டாலியாவின் நாற்காலி ஒன்றே போதுமாயிருந்தது. அப்புறம் அதுவும் வேண்டாமென்று கையசைத்துவிட்டுப் போனார். பப்ஸ் ஆசை எங்கே போனதென்றே தெரியவில்லை. பெல்ட்டில் ஆணியால் நாலு புது ஓட்டை போட்டாயிற்று.

ஏழாம் மாதம், தராசு எண்பத்தொன்பது காட்டிய காலை. ரொட்டியோடு மூன்றாம் மாடிக்கு வந்தவர் தன் வீட்டு வாசலில் நிற்கவில்லை. இன்னும் பத்தொன்பது படி. கைப்பிடி கிடையாது. சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்து ஏறி, இரும்புக் கதவைத் தள்ளினார்.

வெயில். படபடவென்று புறாக்கள். கிழட்டு வெள்ளைப் புறா ஒன்று அடையாளம் கண்டு அவர் தோளில் வந்து உட்கார்ந்தது.

"வந்துட்டேன்டா!" என்று கத்தினார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"பெரியவர் மொட்டை மாடிக்கே ஏறிட்டார்!" என்று கீழே மிக்டாலியா கைதட்டுவது கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் எதிரே கொடியில் தொங்கிய தன் சட்டையைப் பார்த்தார். பக்கத்தில் கால்சட்டை. பிறகு கொடியை. அதன் முனையில் கூடை மாட்டும் கொக்கி அப்படியே இருந்தது.

"அடிப்பாவி! ஏழு மாசமா இது இங்கேயா இருந்துது?"

தீனித் தட்டோடு பின்னால் வந்து நின்ற ஓடிலியா சொன்னாள். "ஆமா கிழவா. நீ ஏறி வந்தாத்தான் கண்ணுல படணும்னு இங்க கட்டினேன். வேணும்னா இப்போ அவுத்துக்கோ."