சோத்து மந்திரம்

திருத்தணி மலைப்படியில் கண்ணை மூடி உட்கார்ந்து, "ட. க, ப. ர, ய, வ. ந, த, ம, ல" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான் தேசப்பன். நெற்றி நிறைய விபூதி. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு இறங்கி வந்த ஒருவர் நின்று, அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"சாமி, இன்னா மந்திரம் இது? எனக்கும் சொல்லிக் குடுங்க."

பக்கத்தில் இருந்த அவன் மனைவி மணியம்மை, "இது சோத்து மந்திரங்க. உங்களுக்கு ஆவாது, நீங்க பாத்து எறங்குங்க" என்று அனுப்பி வைத்தாள்.

அடிவாரத்துக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனைக்குத் தொங்கும் பலகையின் எழுத்துகள்தான் அந்த மந்திரம். ஆந்திராவிலிருந்து நகரிப் பக்கத்துக் கூட்டமும் வருகிற கடை என்பதால் பலகைக்கு ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. மணியம்மை தனக்குக் கண்ணாடி வாங்கப் போனபோது தமிழ் எழுத்துகளை வரிசை மாறாமல் மனதில் ஏற்றிக்கொண்டு வந்து, புருஷனுக்கு ஓதிக் கொடுத்திருந்தாள்.

தேசப்பன் பள்ளிப்பட்டு மினிபஸ்ஸுக்கு டிரைவர். இரண்டு கண்ணிலும் புரை. போன வாரம் கே.ஜி.கண்டிகையில் காதுகுத்து பேனரில் கைகூப்பி நின்ற தாய்மாமனைப் பயணி என்று நினைத்து வண்டியை நிறுத்திவிட்டான். "சீக்கிரம் ஏறு நைனா, டைம் ஆவுதில்ல" என்று ஆரன் அடித்தும் தாய்மாமன் ஏறவில்லை.

வண்டியில் இருந்த ஜனம் சிரித்தது. முதலாளி பிரகாஷ் சிரிக்கவில்லை. "கண்ணு நல்லா கீதுன்னு டாக்டர் கைல எழுதி வாங்கிகினு வா. இல்லன்னா சாவிய வெச்சிட்டுப் போ. வேற ஆள் ரெடியா கீறான்" என்றார்.

கண்ணில் கத்தி வைத்தால் ஒரு மாதம் வண்டியைத் தொடக்கூடாது. ஒரு மாதம் கீழே இறங்கிய டிரைவருக்கு அந்த சீட் திரும்பக் கிடைத்ததாகத் திருத்தணியில் சரித்திரம் இல்லை.

படி இறங்கும்போது மணியம்மை சொன்னாள். "எனக்கு மனசு கேக்கல பாவா. சாயங்கால ட்ரிப்புல இஸ்கூல் புள்ளைங்க வருது."

"ஆடிக் கிருத்திகை கூட்டம் முடியற வரைக்கும்தான். அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கிறேன். அதுவரைக்கும் கண்டக்டர் கண்ணு, என் காலு. அவன் விசில் அடிச்சா பிரேக்கு."

"விசில முழுங்கிட்டான்னா?"

தேசப்பன் மந்திரத்தை மறுபடி ஆரம்பித்தான்.

கடைக்குள் நீலத் திரை. திரைக்குப் பின்னால் டாக்டர் மணவாளன். எழுபதைத் தாண்டியவர், ஆர்.கே.பேட்டை வரைக்கும் பாதிக் கண்கள் அவர் கைபட்டவை. முன்னால் போயிருந்த நகரி அம்மாள் ஒருத்தி, தெலுங்கிலேயே அவரை வாழ்த்திக்கொண்டு வெளியே வந்தாள். மணியம்மை பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, தேசப்பன் உள்ளே போனான்.

பலகை இருக்க வேண்டிய சுவரில், பால் கொட்டினதுபோல் ஒரு வெள்ளைதான் அவனுக்குத் தெரிந்தது.

"ஒரு கண்ண மூடிக்கோ. மேலருந்து படி" என்றார் டாக்டர்.

"ட. க, ப. ர, ய, ல..."

"'ல'வா? நல்லாப் பாரு."

தேசப்பன் சட்டென்று திருத்திக்கொண்டான். "'வ'ங்க. வ."

"ஆங், வ. அவசரப்படாத. அதுக்குக் கீழ?"

மிச்சத்தை ஒரே மூச்சில் ஒப்பித்தான். அடுத்த கண்ணுக்கும் அதையே ஒப்பித்தான், இந்தத் தடவை பிசகவில்லை. "கழுகுக் கண்ணுய்யா உனக்கு" என்று சொல்லிவிட்டு, டாக்டர் மேசையைத் தடவி முத்திரையை எடுத்துச் சான்றிதழில் குத்தினார்.

இப்படி ஏமாந்துபோன மனுஷனைப் பார்க்கத் தேசப்பனுக்கு என்னவோபோல் இருந்தது. "ஐயா, பின்னாடி எனக்குப் புரை கிரை வந்துதுன்னா..."

"நேரா எங்கிட்ட வா. இந்தக் கையி எத்தினி கண்ணப் பாத்திருக்கு. கண்ண மூடிகினே பண்ணிருவேன்."

வெளியே வந்தவன் துண்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். மணியம்மை திரையை விலக்கிப் போய் எடுத்து வந்தாள். உள்ளே போனபோது இருந்த முகம் திரும்பி வரும்போது இல்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தேசப்பன்தான் பேசினான். "எவ்ளோ கறாரான மனுசன் தெரியுமா. ஒரு எழுத்து தப்பா வந்துச்சு, டக்குனு புட்சிட்டாரு. ஆபரேஷன்னா இவரு கையாலதான், சொல்லிட்டேன்."



பள்ளிக்கூடம் விட்டிருந்தது. மினிபஸ்ஸில் பிள்ளைகள் முட்டி மோதி ஏறிக்கொண்டிருந்தார்கள். முதலாளி பிரகாஷ் காகிதத்தை வாங்கி, முத்திரையைப் பார்த்து, சாவியை நீட்டினார். தேசப்பன் சாமி கும்பிட்டு சீட்டில் ஏறக் காலை வைத்தான்.

மணியம்மை அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"பாவா, உள்ள பலகைல தெலுங்குப் பக்கம்தான் தொங்கிகினு கீது."