செவ்வாய்க்கிழமை எச்சில்

தாளைப் பார்த்ததும் டாக்டர் சோல்மிக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது.

தென்கொரியாவின் பூசான் நகரில், வீட்டு மின்சாதனக் கம்பெனி ஒன்றின் கால் சென்டர். இருபது பெண்கள் தினமும் மூன்று மணிக்குப் பஞ்சை மென்று எச்சிலைக் குப்பியில் தருவார்கள். மனசு பதறினால் அதில் கூடும் கார்ட்டிசோலை அளப்பது சோல்மியின் வேலை. திட்டு வாங்கினால் உடம்பு என்ன பாடுபடுகிறது என்று நிரூபித்துவிட்டால், திட்டு வாங்கியவர்களுக்குப் பத்து நிமிஷம் ஓய்வு. நிர்வாகம் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் இருபதில் ஒருவர் குறைந்தாலும் செல்லாது.

யோன்ஜாவின் செவ்வாய்க்கிழமை எச்சிலில் அளவு மூன்று மடங்கு. காரணம் எழுத வேண்டிய கட்டம் காலி.

நேரே அவள் மேசைக்குப் போய் நின்றாள் சோல்மி. செவ்வாயிலிருந்து தொண்டை வேறு கட்டியிருந்தது.

"காபி குடிச்சீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

"காரமா கிம்ச்சி ஊறுகாய் ஏதும் சாப்பிட்டீங்களா?"

"இல்லைங்க."

"அப்போ யாரோ திட்டியிருக்காங்க. ஏன் எழுதல?"

யோன்ஜாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தலை நிமிராமல் சொன்னாள். "விடுங்க டாக்டர். அவங்களுக்கு என்ன அவசரமோ."

சோல்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்படி மூடி மறைக்கிறதாலதான் உங்க தலையில ஏறி மிதிக்கிறாங்க. போன்ல முகம் தெரியாதுங்கிற தைரியம். ஈவு இரக்கம் இல்லாத ஜென்மங்க. எழுதுங்க. இல்லன்னா உங்க பேரை அடிச்சிடுவேன். எல்லாருக்கும் ஓய்வு போச்சுன்னு வச்சுக்குங்க."

பக்கத்து மேசைக்காரி வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். "டாக்டரம்மாவே நம்ம வாடிக்கையாளர் மாதிரிதான் பேசறாங்க."

யோன்ஜா சுற்றுமுற்றும் பார்த்தாள். இருபது பேரின் ஓய்வு. பேனாவை எடுத்து எழுதினாள். முடிப்பதற்குள் சோல்மி தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

'மதியம் 2.35. ஆராய்ச்சிக்கூடத்து ஃப்ரீஸர் நின்றுபோய்விட்டது, எச்சில் குப்பியெல்லாம் வீணாகப் போகிறது என்று ஒரு பெண் கால் மணி நேரம் திட்டினார். மூளையே கிடையாதா என்று கேட்டார்.'

சோல்மியின் கை தாளோடு அப்படியே நின்றது.

யோன்ஜா மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"பேரும் எழுதணுமா, டாக்டர்?"