ஒற்றை எலுமிச்சை

"ஒரே ஒரு எலுமிச்சை போதும், மிஸ் டெல்."

டெல்ரோஸுக்குச் சுர்ரென்று ஏறியது.

கிறிஸ்டியானா சந்தையில் வியாழக்கிழமை காலை பத்து மணி என்றால் எச்சில் விழுங்க நேரமிருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் வந்து நிற்பாள், இந்தப் பச்சைக் குடைக்காரி. பதினாலு வாரமாக இதே கூத்து. வாங்குவது ஒரு எலுமிச்சை. பிடித்துக்கொள்வது அரை மணி நேரம்.

அதையும் டெல்ரோஸ் கையால் வாங்க மாட்டாள். தராசுக்குக் கீழே சாக்கில் உட்கார்ந்திருக்கும் மகன் ஓஷேனிடம்தான் கேட்பாள்.

"ஓஷேன் முதலாளி! எனக்குப் பெரிய எலுமிச்சை வேணுமே. இதுவா? ஐயய்யே, இது குட்டி. பெருசு எங்கே?"

ரெண்டேகால் வயதுப் பையன் கூடைக்குள் தலையை விட்டுத் துழாவினான்.

"மிஸ் டெல், நீங்க சொல்லுங்க. அவன் கையில இருக்கிறது பெருசா, சிறுசா?"

"உனக்குக் கண்ணு இல்லியாம்மா?"

"நான் சொன்னா நம்ப மாட்டான். உங்க வாயால சொல்லுங்க."

ஆளைக் கிளப்ப வேறு வழி? "டேய், அது சிறுசுடா. பெருச எடு. அந்த மஞ்சப் பூசணிக்குப் பக்கத்துல பாரு. ஆங், அதான்."

பக்கத்துக் கடை லின்வால் வாழைக்காய்த் தாரை இறக்கியபடி சிரித்தான். "மிஸ் டெல், உங்க மொத்த வியாபாரி வந்தாச்சு போல! லாரி எங்கே நிக்குது?"

"வாயை மூடிட்டு உன் காயைப் பாரு!"

குடைக்காரி விடவில்லை. "முப்பது டாலரா? முதலாளி, உங்க மம்மி கொள்ளையடிக்கிறாங்க. எண்ணிக் குடுப்போமா? ஒண்ணு... ரெண்டு..."

ஒன்பது வயதில் தலைச்சுமையோடு இந்தச் சந்தைக்கு வந்தவள் டெல்ரோஸ். பேரத்தில் எவரிடமும் தோற்றதில்லை. பேரம் பேச வந்தவரை விரட்டியதுமில்லை. அதனால்தான் இத்தனை நாள் பொறுத்தாள். இன்று முடியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் கிளினிக்கில் நர்ஸ் சொன்னாள்: "பையன் 'ம்ம்'னு சொல்றதைத் தவிர ஒரு வார்த்தையும் பேசலையே. வாரம் ஒரு தடவை எங்க ஆள் பொம்மையோட வீட்டுக்கு வருவாங்க. அவன்கூட எப்படிப் பேசி விளையாடறதுன்னு உங்களுக்கும் காட்டுவாங்க."

"என் பிள்ளை மந்தம்னு சொல்றியா?" என்று எழுந்து வந்துவிட்டாள். அந்த ஆள் வந்து கதவைத் தட்டியபோது, திறக்காமலே உள்ளிருந்து கத்தினாள்: "என் வாசப்படியில எவ காலும் படக் கூடாது!"

வந்தவள் போய்விட்டாள். பயம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி சோதனை. தேறாவிட்டால் தலைநகர் கிங்ஸ்டனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுவார்கள். இப்போது நாலைந்து வார்த்தை உதிர்க்கிறான்தான். அது போதுமா?

"இதோ பாரும்மா," என்று சீறினாள் டெல்ரோஸ். "இனிமே வர்றதா இருந்தா ஒரு டஜன் வாங்கு. இல்லேன்னா இந்தப் பக்கம் தலை காட்டாதே!"

குடைக்காரியின் முகம் சுருங்கியது. காசை ஓஷேன் உள்ளங்கையில் வைத்தாள். "வர்றேன் முதலாளி." போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை. நர்ஸ் மேசைமேல் மரக்கட்டைகளைப் பரப்பினாள்.

"ஓஷேன், பெரிய கட்டையைக் குடு."

தூக்கிக் காட்டினான். "பெருசு!"

"மஞ்சள் எது?"

"இது மஞ்ச. பூசணி மஞ்ச!"

நர்ஸ் சிரித்துக்கொண்டே கட்டையை வாங்கக் கை நீட்டினாள். அவன் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"முப்பது டாலர்!"

நர்ஸுக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. "கிங்ஸ்டனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மிஸ் வெரோனா பிரமாதமா வேலை பார்த்திருக்காங்க."

"எந்த வெரோனா?"

"உங்க வீட்டுக்கு அனுப்பினோமே, அவங்கதான்."

"அவளை அன்னிக்கே துரத்திட்டேனே! என் வீட்டுக்கு ஒருத்தியும் வரலை. நான் பேசிப் பேசி வளர்த்த பிள்ளை இவன்!"

நர்ஸ் பதிவேட்டைப் புரட்டினாள். "பதினாலு தடவை சந்திச்சதா எழுதியிருக்காங்களே?"

டெல்ரோஸ் மேசையில் ஓங்கி அடித்தாள். "பொய்! வராமலே வந்ததா எழுதி அரசாங்கச் சம்பளம் வாங்கறாளா? கூப்பிடு அவளை! நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

"கொஞ்சம் இருங்க. பக்கத்துல குறிப்பு இருக்கு." நர்ஸ் விரல் வைத்துப் படித்தாள். "இடம்: 'வாசப்படியில் கால் வைக்கக் கூடாதென்று தாய் சொல்லிவிட்டார். எனவே சந்தைக் கடை.' விளையாட்டுப் பொருள்: 'எலுமிச்சை ஒன்று. அங்கேயே வாங்கியது.' விளையாடியவர்கள்: 'பிள்ளையும் தாயும்.'"

மேசையில் இருந்த கையை டெல்ரோஸ் மெல்ல எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. சந்தை வாசலில் பச்சைக் குடை வந்து நின்றது. உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கியது.

"ஏ வெரோனா!" சந்தையே திரும்பிப் பார்க்க டெல்ரோஸ் கத்தினாள். "அங்கே என்ன வேடிக்கை? இன்னிக்கு எலுமிச்சை ஒண்ணு ஆயிரம் டாலர்! பேரம் படிய ஒரு மணி நேரமாவது ஆகும், வந்து உட்காரு!"